புத்தளக் கரையும் நிறப் பாடமும்: சாயவேரிலிருந்து நிறச்சக்கரம் வரை

இலங்கையின் பாடசாலைகளில் சித்திரம் பயிலும் பிள்ளை நிறத்தைப் பற்றி முதன்முதலாக முறைப்படி அறிந்துகொள்வது நிறச்சக்கரத்தின் வழியாகவே. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் வேறெந்த நிறங்களைக் கலந்தும் பெறமுடியாத முதன்மை நிறங்கள் என்றும், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்க்கும்போது செம்மஞ்சள், பச்சை, ஊதா ஆகிய துணை நிறங்கள் பிறக்கின்றன என்றும், வெள்ளை சேர்ந்தால் நிறம் வெளிறும், கறுப்புச் சேர்ந்தால் இருளும் என்றும் அப்பிள்ளை கற்கிறது. வடக்கே குதிரைமலை முதல் தெற்கே மகா ஓயா வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளிலும் பாடம் இதுவே. ஆயினும் இக்கரையில் நிறம் பற்றிய அறிவு அந்தச் சக்கரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அது தீந்தைக் குப்பிகளின் கலவையிலிருந்து பிறக்காமல், வேரும் பட்டையும் சுண்ணாம்பும் இரும்பும் ஒன்றோடொன்று சேரும்போது நிகழும் மாற்றத்தைக் கண்டு வளர்ந்தது. பாடசாலைக்குள் புதிய அறிவு வந்தபோது பழைய அறிவு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது என்பதே இக்கரையின் நிறக்கல்வி வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்கவேண்டிய செய்தி.

நிறம் மாறுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று கலவை. இரு நிறப்பொருள்கள் தத்தம் இயல்பு கெடாமல் துகள்களாகக் கலந்து நிற்க, ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ள, இரண்டும் உறிஞ்சாமல் விட்ட எச்சம் மட்டும் கண்ணை வந்தடைவது அதன் இயல்பு. மற்றையது இரசாயனத் தாக்கம். இதில் ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து, முன்னர் இரண்டிலும் இல்லாத ஒரு நிறத்தைப் புதிதாகப் பெறுகிறது. நிறச்சக்கரம் முதல் வழியை மட்டுமே விளக்கவல்லது. சக்கரத்தின்படி மஞ்சளோடு வெள்ளை சேர்ந்தால் வெளிர்மஞ்சள் கிடைக்கவேண்டும்; ஆனால் ஆலாத்தித் தட்டில் மஞ்சள்தூளும் வெள்ளைச் சுண்ணாம்பும் நீரில் சேர்ந்த கணத்தில் குருதியின் சிவப்பே தோன்றுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காரத்தன்மையுள்ள நீரில் சிவக்கும் இயல்புடையது. பச்சை வெற்றிலையும் வெண்சுண்ணாம்பும் பழுப்புப் பாக்கும் வாயிலே சேர்ந்து சிவப்பாவதும், பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் மாற்றமடைவதாலேயே. உடப்பிலோ கற்பிட்டியிலோ முன்னேஸ்வரத்திலோ பிறந்த பிள்ளை, பாடசாலை செல்லும் முன்னரே இவ்விரண்டையும் வீட்டுத் திண்ணையில் கண்டிருக்கும். அப்பிள்ளையின் முதல் நிறப்பாடம் அதுதான். அதைப் பாடமென்று யாரும் சொல்லிக்கொடுத்திராவிட்டாலும் கூட.

இக்கரையின் நிலமே நிறங்களின் களஞ்சியமாக அமைந்திருக்கிறது. குதிரைமலையின் கடலோரப் பாறைமுகமும் அதன் தெற்கே அருவாக்காட்டுப் பகுதியும் செம்மண்ணால் மூடப்பட்டவை. மணற்பருக்கையைச் சுற்றி இரும்பு ஒட்சைட்டு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதே இம்மண்ணின் சிவப்புக்குக் காரணம். விசயனும் அவன் தோழர்களும் கரையிறங்கி, களைத்துத் தரையில் கையூன்றியபோது உள்ளங்கைகள் செம்புழுதியால் சிவந்தன என்றும், அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப்பட்டது என்றும் மகாவம்சம் கூறும்; அந்த இடத்தை இவ்வடமேற்குக் கரையிலேயே ஆய்வாளர் பலர் தேடியிருக்கின்றனர். கதையின் வரலாற்றுத்தன்மை எத்தகையதாயினும், கையில் ஒட்டி நிறந்தரும் மண் இங்கு உண்டென்பதை அதைப் புனைந்தவர்கள் அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. அச்செம்மண்ணின் கீழே வெண்ணிறச் சுண்ணக்கல் பரந்து கிடக்கிறது. பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தருவது அதுவே. முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் கரையெங்கும் இருந்தது. தென்னை செழித்த இம்மாவட்டத்தில் சிரட்டைக் கரிக்குக் குறைவே இருந்ததில்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்னும் தொன்மையான மூன்று நிறங்களும் இவ்வாறு நடந்துசெல்லும் தொலைவிலேயே கிடைத்தன. புத்தளத்து உப்பளங்களில் கடல்நீர் வற்றி உப்புச் செறியச் செறிய, அந்த உவர்ப்பைத் தாங்கி வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் பெருகி நீரை இளஞ்சிவப்பாக்குவதையும் இவற்றோடு சேர்த்துச் சொல்லலாம். நீரின் நிறத்தைக் கொண்டு அதன் செறிவை மதிப்பிடுவது உப்பளத் தொழிலில் உள்ள பழக்கம்.

நீலமும் ஒளிமிக்க சிவப்பும் மண்ணிலிருந்து எளிதில் கிடைப்பன அல்ல. அவை துணியோடும் துணிவணிகத்தோடும் வந்தவை. 1344 இல் இக்கரையில் இறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, பத்தாளா என்று தாம் குறிக்கும் ஊரில் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், கரையில் குவிந்துகிடந்த கறுவா மரங்களை மலபாரிலிருந்தும் மாபாரிலிருந்தும் வருவோர் விலையின்றி எடுத்துச்சென்று, அதற்கு ஈடாக மன்னருக்குத் துணி முதலியவற்றை அன்பளிப்பாக அளித்ததையும் எழுதியிருக்கிறார். பத்தாளாவைப் புத்தளமாகக் கொள்வதே பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. மாபார் என்று அராபியர் குறித்தது தமிழகத்தின் கிழக்குக் கரையை. அக்கரையின் சாயத்துணிகளுக்கும் இக்கரையின் கடற்படுபொருள்களுக்கும் இடையே நடந்த பண்டமாற்று, நிறம் பற்றிய நுட்பங்களும் கடல் கடந்து போய்வர வழிவகுத்தது.

அந்த நுட்பங்களின் நடுநாயகமாக நின்றது சாயவேர். இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு பூண்டு, மன்னார் வளைகுடாவை ஒட்டிய மணற்பாங்கான கரைகளில் தானாக வளர்வது. நிலத்தின் மேலே சாணளவே நிற்கும் இதன் வேர் மணலுக்குள் நீளமாக, நூல்போல் மெலிந்து இறங்கும். வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் சாயப்பொருள் உள்ளது. ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து பெற்ற சிவப்பும் இதே பொருளாலானது. சிப்பித்தூள் கலந்த மணலில் வளரும் வேர் கல்சியம் மிக்கதாக இருக்கும். சிவப்பு ஒளிபெறுவதற்குக் கல்சியம் துணைபுரிவதால், சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் இலங்கை வேரைச் சிறப்பாக மதித்தனர்.

சாயவேரின் இயல்பை அறிந்தவர்க்கு, நிறச்சக்கரம் சொல்லும் பாடம் எவ்வளவு குறுகியது என்பது உடனே விளங்கும். வேரை அவித்த நீரில் வெறும் பருத்தித் துணியைத் தோய்த்தால் கழுவியதும் போய்விடும் மங்கிய கறையே மிஞ்சும். துணியும் சாயமும் பிரியாமல் பற்றிக்கொள்ள இடையே ஒரு பொருள் வேண்டும். அதை நிறமூன்றி என்பர். படிகாரம் ஒரு நிறமூன்றி. துருவேறிய இரும்பைப் புளித்த கள்ளிலோ வெல்லநீரிலோ ஊறவைத்துப் பெறும் கருநீர் இன்னொன்று. முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்துவர். பின்னர் மூங்கில் எழுதுகோலால் ஓரிடத்தில் படிகாரநீரையும் ஓரிடத்தில் இரும்புநீரையும் வேறோரிடத்தில் இரண்டையும் கலந்தும் எழுதுவர். அப்போது துணியில் நிறமென்று சொல்லத்தக்கது பெரும்பாலும் தெரியாது. அத்துணியை ஒரே கலத்தில், ஒரே சாயவேர் நீரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் சிவப்பாகவும், இரும்பு பட்ட இடம் கறுப்பாகவும், இரண்டும் பட்ட இடம் ஊதாவும் கபிலமும் தழுவிய நிறமாகவும் எழும். ஒரு வேரிலிருந்து மூன்று நிறங்களைப் பெற்ற அந்தக் கைவினைஞன் நிறங்களைக் கலந்தவன் அல்லன். நிறம் எங்கே பிறக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தவன்.

நீலத்துக்கு வேறொரு முறை. நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் உருக்கிய தேன்மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத் தொட்டியில் அமிழ்த்துவர். தொட்டிக்குள் சாயம் நீலமாக இராது. பச்சைகலந்த மஞ்சளாக இருக்கும். துணியை வெளியே எடுத்துக் காற்றுப்படப் பிடித்தால்தான் அது கண்முன்னே நீலமாக மாறும். இறுதியில், நீலம் ஏறிய சில இடங்களின்மேல் மஞ்சள் தரும் தாவரச் சாற்றைப் பூச, இலைகளும் கொடிகளும் பச்சையாகும். நிறச்சக்கரத்தின் கலவைவிதி இம்முறையில் முழுமையாகப் பொருந்துவது இந்த ஓரிடத்தில்தான். அந்த மஞ்சள் ஒளியில் விரைவாக வெளிறுவது. ஆகவே அருங்காட்சியகங்களிலுள்ள பழைய சோழமண்டலத் துணிகளில் இன்று இலைகள் நீலமாகவே காட்சிதருகின்றன. கேர்தூ என்னும் பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார், தமிழ்ச் சாயக்காரரிடம் கேட்டறிந்து 1742 இல் எழுதிய நீண்ட கடிதம் இம்முறைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற முதன்மையான ஆவணங்களுள் ஒன்று. எழுத்திலே பாடநூல் எதுவுமின்றி, தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கைவழியாகச் சென்ற அறிவு அது. வேலைசெய்யும் வீட்டிலே வளரும் பிள்ளை எந்த வரிசையில் எது நடக்கவேண்டும் என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றது.

இவ்வளவு உயர்ந்த நிறத்தின் பின்னே கடுமையான உழைப்பும் அநீதியும் இருந்தன என்பதை மறைத்தல் தகாது. சாயவேரை மணலிலிருந்து அறுந்துபோகாமல் தோண்டியெடுக்கும் வேலை, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வேர் குத்துவோர் என்ற பெயரால், பிறப்பினாலேயே அத்தொழிலோடு பிணைக்கப்பட்ட மக்களின் தலையில் விழுந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் வேர் வணிகம் கிழக்கிந்தியக் கம்பனியின் தனியுரிமையாக இருந்தது. யாழ்ப்பாணத் தளபதி சுவார்தெக்ரூன் 1697 இல் தமக்குப்பின் வருவோருக்காக எழுதிவைத்த நினைவுக் குறிப்பிலும் இவ்வேர் இடம்பெறுகிறது. கற்பிட்டியில் 1667 இல் ஒல்லாந்தர் எழுப்பத் தொடங்கிய கோட்டை, கடலேரியின் வாயிலைக் காத்து, புத்தளத்து உப்பையும் கரையோர வணிகத்தையும் அவர்களது பிடிக்குள் வைத்திருந்தது. பிரித்தானியர் வந்தபின்னும் சாயவேர் அரச வருமானங்களுள் ஒன்றாகத் தொடர்ந்தது என்பதை 1817 இல் வெளிவந்த, இலங்கைப் பொருளாதாரம் பற்றிய பெர்த்தொலாச்சியின் நூல் காட்டுகிறது. நிறத்தை உண்டாக்கியவர்களும் வேரைத் தோண்டியவர்களும் அதன் ஊதியத்தில் மிகச் சிறு பங்கையே பெற்றனர்.

புத்தளம் கடலேரியின் மீனவரோ வேறொரு சாயத்தை நாள்தோறும் கையாண்டனர். கடலேரியைச் சுற்றி வளர்ந்த கண்டல் மரங்களின் பட்டையை இடித்து அவித்த செங்கபில நீரில் பருத்தி வலைகளையும் பாய்களையும் தோய்த்து எடுப்பது, செயற்கை இழை வருவதற்கு முன் இக்கரை முழுவதற்கும் பொதுவான வழக்கம். பட்டையிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் இழையை அழுகாமற் காக்கும். அதோடு பாய்களுக்கு ஆழ்ந்த துருச்சிவப்பையும் தரும். சில இடங்களில் பனிச்சங்காயின் சாறும் அதே பணிக்கு உதவியது. தனின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து எழுத்து மை ஆனதும் இதே விதிப்படிதான். நிறத்தையும் காப்பையும் ஒரே தோய்ப்பில் பெற்ற இவ்வழக்கம், 1950களின் பிற்பகுதியிலிருந்து நைலோன் வலைகள் பரவியபோது தேவையற்றதாயிற்று. 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டபோது மூலப்பொருளும் குன்றியது.

பழைய எழுத்துப் பள்ளியிலும் நிறம் முற்றாக இல்லாமற் போகவில்லை. தமிழர் வாழ்ந்த இடங்களிலெல்லாம் பிள்ளை எழுத்தைப் பயின்றது மணலிலும் பனையோலையிலும். எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்து நிறமற்றது. ஆதலால் மஞ்சளையும் ஊமத்தையிலைச் சாற்றையும் கரியையும் தடவித் துடைக்க, கீறலுக்குள் மட்டும் நிறம் தங்கி எழுத்துத் தெளிந்தது. மையாடல் எனப்பட்ட அச்சடங்கு பிள்ளையின் கல்வித் தொடக்கத்தோடு இணைந்திருந்தது. கரும்பொருளும் வெளிறிய மேற்பரப்பும் எவ்வாறு ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து கண்டது.

இயற்கைச் சாயங்களின் இந்த உலகம் மிகக் குறுகிய காலத்தில் சரிந்தது. 1856 இல் ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் பேர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைப் பெற்றார். 1868 இல் கிரேபே, லீபர்மன் என்ற செர்மானிய வேதியியலாளர் இருவர் அலிசரினைச் செயற்கையாக உண்டாக்கினர். 1897 இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. மணலைத் தோண்டி எடுத்த வேரிலிருந்து பெற்ற அதே அலிசரின், வேதியியல் அமைப்பில் எள்ளளவும் வேறுபாடின்றி, தொழிற்சாலைப் பொதிகளில் மலிவாக வந்து இறங்கியபோது சாயவேருக்கு விலையில்லாமற் போயிற்று. இலங்கையின் கரையோர மரங்களில் படர்ந்து, ஓர்செல்லா என்ற பெயரில் ஏற்றுமதியான இலைக்கன் இனத்துக்கும் அதே கதி நேர்ந்தது. ஊதா தந்த அந்த இலைக்கனின் உறவினங்களிலிருந்தே பாடசாலை ஆய்வுகூடத்தின் பாசிச்சாயத் தாளும் வந்தது என்பதை அறிந்தால், அமிலத்தில் சிவந்து காரத்தில் நீலமாகும் அந்தத் தாள் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாது.

கரையோரத்தின் சாய அறிவு மங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஐரோப்பாவின் நிறக்கோட்பாடு பாடசாலைகளுக்குள் நுழைந்தது. அக்கோட்பாட்டின் வரலாறும் சுவையானது. நியூட்டன் தமது ஒளியியல் நூலில் (1704) அரியத்தில் பிரிந்த ஏழு நிறங்களை ஒரு வட்டமாக ஒழுங்குபடுத்தினார். அது ஒளியின் வட்டம், தீந்தையின் வட்டம் அன்று. தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அச்சிட்டு எல்லா நிறங்களையும் பெறலாமென்று கண்ட லெ புளோன், சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மும்மையை 1725 அளவில் அச்சுக்கலையின் விதியாக எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மோசஸ் ஹரிஸ் என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் ஓவியர் அம்மும்மையை மையமாகக் கொண்ட முழு நிறச்சக்கரத்தை வரைந்தார். இன்று தரம் 6 பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் காணும் சக்கரம் அதன் நேர் வழித்தோன்றல். ஒளியைக் கூட்டுவதும் தீந்தையைக் கலப்பதும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை என்பதைச் செர்மானிய அறிவியலாளர் எல்ம்கோல்ட்சு 1852 இல் தெளிவாக்கிய பின்னரும் அச்சக்கரம் மாறவில்லை.

இவர்கள் அனைவரிலும் இக்கரைக்கு நெருங்கியவர் செவ்ரொல். பாரிசிலுள்ள கோபெலின் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பகுதிக்கு 1824 முதல் பொறுப்பாயிருந்த அவ்வேதியியலாளரிடம், அங்கு தோய்த்த கறுப்பு நூல் போதிய கருமையின்றி இருக்கிறதென்ற முறைப்பாடு வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை என்றும், பக்கத்து நூலின் நிறமே கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்றும் கண்டார். அருகருகே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் என்ற அவ்விதியை 1839 இல் நூலாக வெளியிட்டார். ஓவியர் பலர் படித்த அந்நூல் சாயத்தொட்டியின் ஓரத்தில் பிறந்தது. கோட்பாடு வேறு, கைவினை வேறு என்று பிரித்துப் பார்க்கும் பாடத்திட்டக்காரருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டியதில்லை.

பிரித்தானியரின் சித்திரக்கல்வி அப்பிரிவினையை அடித்தளமாகக் கொண்டிருந்தது. இலண்டனின் தென் கென்சிங்டனில் உருவாகிப் பேரரசெங்கும் பரவிய முறை, நேர்கோட்டையும் வடிவத்தையும் தட்டைப் படங்களையும் பார்த்து அப்படியே வரையும் பயிற்சியை முதலிலும் நிறத்தை இறுதியிலும் வைத்தது. இலங்கையில் இந்நிலை தளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1920 இல் கலைப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் பிரீகுரோவ் வின்சர், நவீன ஓவியத்தையும் இந்நாட்டின் விகாரைச் சுவரோவியங்களையும் ஒருங்கே மதித்தவர். அவருக்குப்பின் 1932 இல் அப்பொறுப்பை ஏற்ற ஜெப்ரி பெலிங், பிள்ளையின் சுதந்திர வெளிப்பாட்டுக்கு வகுப்பறையில் இடம் தேடினார். வியன்னாவில் பிரான்ஸ் சீசெக் 1897 இல் தொடங்கிய சிறுவர் கலைவகுப்பின் எண்ணங்கள் அப்போது உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தன. பெலிங் 1943 இல் தோன்றிய '43 குழு' என்ற ஓவியர் அமைப்பின் உறுப்பினர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938 இல் வின்சரின் பெயரால் ஓர் ஓவியக் கழகத்தை நிறுவித் தமிழ் ஆசிரியர்களைப் பயிற்றினார். 1945 இல் இலவசக் கல்வி வந்தபின், கரையோரக் கிராமங்களின் பிள்ளைகளும் சித்திரத்தைப் பாடமாகப் பயிலும் வாய்ப்புப் படிப்படியாக விரிந்தது.

இந்தச் சீர்திருத்தத்தின் பயன் பெரிது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பார்த்து எழுதும் அடிமைத்தனத்திலிருந்து பிள்ளையின் கை விடுபட்டது. ஆனால் விடுபட்ட கைக்குக் கொடுக்கப்பட்டது பெட்டிக்குள் அடங்கிய பஸ்ரலும் வட்டக் கட்டிகளாக வந்த நீர்வர்ணமும் மட்டுமே. அவற்றோடு சக்கரத்தின் விதியும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக வந்தது. கலந்து பார்க்கும் பிள்ளைக்கு அவ்விதி அடிக்கடி பொய்க்கிறது. பெட்டியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் சேர்த்தால் சக்கரம் காட்டும் தூய ஊதா கிடைப்பதில்லை. மங்கிய கபிலம் கலந்த ஒன்றே கிடைக்கும். சாதாரணச் சிவப்புத் தீந்தை நீல ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதும், சாதாரண நீலம் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதும் இதற்குக் காரணம். இரண்டும் விட்டுவைக்கும் எச்சம் மிகச் சிறிது. அச்சகங்கள் சிவப்புக்கும் நீலத்துக்கும் பதிலாக மஜெந்தாவையும் சயானையும் மஞ்சளோடு சேர்த்துப் பயன்படுத்துவது இதனாலேயே. பிள்ளை தன் தவறென்று எண்ணிக் கலங்குவதை, ஆசிரியர் இந்த விளக்கத்தைச் சொல்லித் தவிர்க்கலாம். விதி பிழைக்கும் இடத்தில் நின்று ஏனென்று கேட்கப் பழகுவதே நிறக்கல்வியின் மிகப் பயனுள்ள பகுதி.

பழைய சாய அறிவு இம்மாவட்டத்தில் மீண்டும் தலைகாட்டியது பாடசாலைக்கு வெளியே. சிலாபத்துக்குத் தெற்கே, மாதம்பைக்கும் மாரவிலவுக்கும் இடையில் நெடுஞ்சாலையோரத்தில் அமைந்த மகாவெவ, பற்றிக் துணிக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. மெழுகால் மூடித் தோய்க்கும் இக்கலை ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்து வந்ததென்று பொதுவாகச் சொல்வர். 1960களில் பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வா தம் மகன் அனில் ஜயசூரியவோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் சேர்ந்து அதற்கு இந்நாட்டுக்கே உரிய புது வடிவம் கொடுத்தார். 1970 முதல் 1977 வரை இறக்குமதித் துணிகள் கட்டுப்படுத்தப்பட்டதும், சுற்றுலா வளர்ந்ததும் அத்தொழிலை ஊர்தோறும் பரப்பின.

பற்றிக் கலைஞர் வெளிர்நிறத்தில் தொடங்கி இருள்நிறத்தில் முடிப்பர். வெள்ளையாக நிற்கவேண்டிய இடத்தை முதலில் மெழுகால் மூடி, துணியை மஞ்சளில் தோய்ப்பர். மஞ்சளாக நிற்கவேண்டியதை மூடிச் சிவப்பில் தோய்க்க, மூடாத இடம் செம்மஞ்சளாகும். இவ்வாறே மேன்மேலும் சென்று இறுதியில் கொதிநீரில் மெழுகை அகற்றுவர். ஏறிய நிறத்தை மீண்டும் இறக்கமுடியாது. ஆகவே எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் வரும், இரண்டும் சேர்ந்து என்னவாகும் என்பதை முதல் தோய்ப்புக்கு முன்பே மனத்தில் கணித்திருக்கவேண்டும். நிறச்சக்கரத்தை உண்மையில் பயன்படுத்தத் தெரிந்தவர் இவரே. அதேவேளை, இத்தொழிலில் பரவலாகப் பயன்பட்ட நப்தோல் சாயம் இரசாயனத் தாக்கத்தால் நிறம்பெறுவது: ஏறத்தாழ நிறமற்ற ஒரு கரைசலில் துணியை நனைத்துப் பின்னர் இன்னொரு கரைசலில் இடும்போது, துணியின் மீதே சட்டென்று நிறம் தோன்றும். படிகாரம் எழுதிய துணியைச் சாயவேர் நீரில் இட்ட பழைய கைவினைஞரின் முறையோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. கலவையும் தாக்கமும் ஒரே மேசையில் சேரும் இத்தொழில், மாவட்டத்தின் தென்கரையில் கண்ணெதிரே நடந்திருக்கையில், வடகரையின் சித்திர வகுப்புகள் அதைத் தொலைவிலுள்ள ஒன்றாகவே கருதிவந்தன. சிங்களமொழிப் பகுதியின் தொழில், தமிழ்மொழிப் பகுதியின் பாடம் என்ற மொழிச்சுவரும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

பாடசாலைகளின் நிறப்பாடம் வேறு நெருக்கடிகளையும் சந்தித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் வந்து குடியேறினர். அவர்களில் மன்னார்க் கரையின் குடும்பங்களும் அடங்கும். திடீரெனப் பெருகிய பிள்ளைகளுக்கு இடமும் ஆசிரியரும் போதாத நிலையில், அழகியற் பாடங்களே முதலில் நெருக்கடிக்கு உள்ளாகும் என்பது எந்த அதிபருக்கும் தெரிந்த செய்தி. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் தாளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அத்தகைய காலத்தில் இறக்குமதித் தீந்தைப் பெட்டியை மட்டும் நம்பிய நிறப்பாடம் எவ்வளவு வலுவற்றது என்பது புலனாயிற்று. மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்ட 2020 இல், கடல்வழியே கடத்திவந்த மஞ்சள் மூட்டைகள் கற்பிட்டிக் கரையில் அடிக்கடி பிடிபட்டன. சமையலறையில் கிடக்கும் எளிய நிறப்பொருளுக்கும் அரசியலும் வணிகமும் கடல்வழியும் உண்டென்பதைச் சாயவேரின் வரலாற்றை அறிந்தவர் அதில் மீண்டும் கண்டிருப்பர்.

இன்றைய சித்திர ஆசிரியருக்குத் தேவையான பொருள்கள் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. குதிரைமலைச் செம்மண்ணைப் போன்ற மண்ணை நீரில் அரித்துத் தெளியவைத்துக் காய்ச்சிய பசையோடு குழைத்தால் நிறப்பொருள் கிடைக்கும். சிரட்டைக் கரியை அரைத்தால் கறுப்பும், சிப்பிச் சுண்ணாம்பைப் பெரியவர் துணையோடு கையாண்டால் வெள்ளையும் கிடைக்கும். மஞ்சள்நீரில் ஒரு துளி சுண்ணாம்புநீரையும், அது சிவந்தபின் அதிலேயே தேசிக்காய்ச் சாற்றையும் விடச்செய்தால் தாக்கத்தையும் அதன் மீள்மாற்றத்தையும் பிள்ளை காணும். கடுக்காய் நீரில் துருவேறிய ஆணியை இட்டு ஓரிரவு விட்டால் எழுதத்தக்க கறுப்பு உண்டாகும். பாதுகாக்கப்பட்ட கண்டல் மரத்தைத் தொடவேண்டியதில்லை. சிலாபத்துக்கு அருகே பம்பலையில் 2016 இல் திறக்கப்பட்ட கண்டல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச்சென்று பட்டையின் பயனை விளக்கினால் போதும். இவற்றுக்குப்பின் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டிகளை அவர்கள் கையில் கொடுத்து, சக்கரத்தை அவர்களையே வரையச் சொல்லலாம். பாடநூல் எழுதுவோரும் வட மேல் மாகாணத்தின் ஆசிரிய ஆலோசகர்களும் நிறப்பாடத்தின் முதற்பக்கத்தில் மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் இடங்கொடுத்து, சக்கரத்தை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தவேண்டும். அதற்குப் புதிய நிதியோ புதிய சுற்றுநிருபமோ தேவையில்லை.